மக்கள்தொகை ஈவு: ஒரு சொல் விளக்கம்

'டெமோகிராஃபிக் டிவிடெண்ட்' என்பதைத் தமிழில் மக்கள்தொகை ஈவு என்கிறோம். மக்கள்தொகை லாபம், மக்கள்தொகைப் பலன், மக்கள்தொகை ஈவுத்தொகை என்றும் எழுதுகிறார்கள். எந்தச் சொல்லைப் போட்டாலும் பலர் அதைப் புரிந்துகொள்வது ஒரே மாதிரிதான்: நாட்டில் இளைஞர்கள் நிறைய இருக்கிறார்கள், ஆகவே வளர்ச்சி வரும். இது பாதிதான் சரி.

ஒரு நாட்டில் முதலில் குழந்தை இறப்பு குறைகிறது. பிறப்பு உடனே குறைவதில்லை. பெற்றோர் பழைய கணக்கிலேயே பிள்ளை பெறுகிறார்கள், மக்கள்தொகை மளமளவென ஏறுகிறது. அப்புறம் சில பத்தாண்டுகளில் பிறப்பும் இறங்குகிறது. அப்போது முந்தைய பெரிய தலைமுறை வேலைக்குப் போகும் வயதுக்கு வந்திருக்கும். அதற்குக் கீழே பிள்ளைகள் குறைவு, மேலே முதியவர்களும் இன்னும் குறைவு. 15 முதல் 64 வயது வரை உள்ளவர்கள், அவர்களை நம்பி இருப்பவர்களைவிட வேகமாகப் பெருகும் இந்த இடைக்காலத்தில், தலைக்கு வருமானம் உயர ஒரு கூடுதல் உந்துதல் கிடைக்கிறது. அதுதான் ஈவு. ஆக, பிறப்பு விகிதம் இறங்காத நாட்டில் எத்தனை கோடி இளைஞர்கள் இருந்தாலும் இந்தச் சொல் பொருந்தாது.

சொல்லின் முதல் பாதி கிரேக்கம். 'டெமோஸ்' என்றால் மக்கள், 'கிராஃபெயின்' என்றால் எழுதுதல். இரண்டையும் சேர்த்து 1855இல் மக்கள்தொகையை ஆராயும் துறைக்குப் பெயர் வைத்தவர் பிரெஞ்சுக்காரர் அஷில் கியார். இரண்டாம் பாதி லத்தீன். 'டிவிடெண்டும்' என்றால் பிரிக்கப்பட வேண்டியது. நிறுவனம் தன் லாபத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதை அது குறிக்க வந்தது அப்படித்தான்.

இந்தக் கருத்து வளர்ந்தது கிழக்கு ஆசியாவைப் பார்த்து. 1960 வாக்கில் தென்கொரியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு பிள்ளைகள். 1962இல் அங்கே முதல் ஐந்தாண்டுத் திட்டமும் தேசியக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டமும் ஒரே ஆண்டில் தொடங்கின. 1980களின் நடுவில் அந்தச் சராசரி இரண்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. இருபத்தைந்தே ஆண்டுகளில் இப்படியொரு இறக்கம்! சிங்கப்பூர் 1966இல் குடும்பக் கட்டுப்பாட்டுக்கென ஒரு வாரியமே அமைத்தது. தைவானும் ஹாங்காங்கும் இதே வழியில் போயின. 1965க்கும் 1990க்கும் இடையே இந்த வட்டாரம் கண்ட வளர்ச்சியைக் கணக்கிட்ட பொருளியலாளர்கள் டேவிட் புளூமும் ஜெஃப்ரி வில்லியம்சனும், அதில் மூன்றில் ஒரு பங்கு வரை இந்த வயது அமைப்பு மாற்றத்தால் வந்ததாக 1998இல் எழுதினார்கள்.

மீதி எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கொரியாவில் 1960 வாக்கிலேயே ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் தொடக்கப் பள்ளிக்குப் போனார்கள். அவர்கள் வளர்ந்தபோது ஏற்றுமதித் தொழிற்சாலைகள் காத்திருந்தன. துணி ஆலைகளிலும் மின்னணுப் பொருள் தொழிற்சாலைகளிலும் இளம்பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்குச் சேர்ந்தார்கள். அந்தப் பெண்களின் உழைப்பைச் சொல்லாமல் இந்த ஈவைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை என்பது என் கருத்து. படிப்பும் வேலையும் இல்லாத இடத்தில் இதே வயது அமைப்பு வேலையில்லாத் திண்டாட்டமாகத்தான் முடியும்.

புளூமும் வில்லியம்சனும் 1998இல் இதைக் 'கொடை' என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லால்தான் குறித்தார்கள். பிறகு புளூம், டேவிட் கேனிங், ஜேப்பி செவில்லா மூவரும் 2003இல் எழுதிய நூலின் தலைப்பாகவே 'டிவிடெண்ட்' வந்தது, அதுவே நிலைத்தது. கொடை கேட்காமலும் வரலாம். டிவிடெண்ட் வர வேண்டுமென்றால் முதலில் முதல் போட்டிருக்க வேண்டும்.

இங்கேதான் தமிழ்ச் சொல்லின் அழகு. ஈ என்ற வினைக்குக் கொடு என்று பொருள். ஈதல், ஈகை, ஈவு எல்லாம் அதன் பிள்ளைகள். வகுத்தல் கணக்கில் வகுத்த பின் கிடைப்பதும் ஈவு. கொடை, பிரித்துக் கிடைப்பது என்ற இரண்டு பொருளும் ஒரே சொல்லில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது: கணக்குப் பாடத்தில் ஆங்கிலம் 'டிவிடெண்ட்' என்பது வகுபடும் எண்ணை, ஈவை அல்ல.

'லாபம்' எனக்கு உடன்பாடில்லை. அது வியாபாரத்தில் ஆண்டுதோறும் வரக்கூடியது. இதுவோ ஒரு தலைமுறைக் காலம் வந்து போவது. 'பலன்' பொருளைத் தளர்த்திவிடுகிறது. 'மக்கள்தொகை ஈவுத்தொகை'யில் தொகை இரண்டு முறை வருகிறது, அதுவும் இரண்டு பொருளில். சரி, மக்கள்தொகை ஈவு என்றே வைத்துக்கொள்வோம். இலங்கையில் சனத்தொகை, குடித்தொகை என்ற சொற்கள் வழக்கில் இருப்பதால் அங்கே 'குடித்தொகை ஈவு' என்றும் தயங்காமல் எழுதலாம்.

இதை ஒட்டி இன்னும் இரண்டு சொற்கள். நம்பி இருப்போருக்கும் உழைக்கும் வயதினருக்கும் உள்ள விகிதம் 'சார்பு விகிதம்'. ஈவுக் காலத்தில் இறங்கும் இது, முதியவர்கள் பெருகும்போது மறுபடி ஏறும். 2023இல் ஒரு பெண்ணுக்கு 0.72 பிள்ளை என்ற அளவுக்கு இறங்கிவிட்ட தென்கொரியாவில் இப்போது நடப்பது அதுதான். மற்றொன்று, பொருளியலாளர்கள் ரொனால்ட் லீயும் ஆண்ட்ரூ மேசனும் பேசிய 'இரண்டாம் ஈவு': நீண்ட முதுமையை எதிர்பார்த்து மக்கள் சேர்த்துவைக்கும் பணம் முதலீடாக மாறி, முதல் ஈவு முடிந்த பிறகும் வருமானத்தைத் தாங்குவது.