இ20 பெட்ரோல்: பழைய வண்டி வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

இன்று பங்கில் ஒரு லிட்டர் பெட்ரோல் போட்டால், அதில் ஏறத்தாழ 200 மில்லி எத்தனால், அதாவது கரும்பு, தானியம் போன்றவற்றிலிருந்து எடுக்கும் ஆல்கஹால். இதைத்தான் இ20 என்கிறார்கள். 2014இல் இந்தக் கலப்பு ஒன்றரை சதவீதம்தான். 2022 ஜூனில் 10 சதவீதத்தைத் தொட்டது. 2018இல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 20 சதவீதத்தை எட்ட 2030 வரை அவகாசம் கொடுத்திருந்தது. அந்தக் கெடுவை முன்னுக்கு இழுத்து, 2025இலேயே எட்டிவிட்டார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. எங்கோ போர் மூண்டால் இங்கே விலை ஏறுகிறது. எத்தனால் கலந்ததால் 2014-15 முதல் 2025 ஜூலை வரை 1.44 லட்சம் கோடி ரூபாய் அந்நியச் செலாவணி மிச்சம் என்பது மத்திய அரசின் கணக்கு. கரும்பு, மக்காச்சோளம் விளைவிப்பவர்களுக்கும் இதனால் ஒரு சந்தை கிடைத்தது. நோக்கத்தில் எனக்குக் குறை இல்லை. செலவை யார் தலையில் வைத்தார்கள் என்பதில்தான் குறை.

முதலில் மைலேஜ். பெட்ரோலில் இருக்கும் எரிசக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் எத்தனாலில் இருக்கிறது. மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே இதை ஒளிக்கவில்லை: இ10 (10 சதவீத எத்தனால்) பெட்ரோலுக்கு ஏற்றபடி அமைக்கப்பட்ட பழைய இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம், அதே வகைக் கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்கிறது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்த பைக் 48தான் கொடுக்கும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு, லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதம் 80 ரூபாய் கூடுதல். வருடத்துக்கு ஆயிரம் ரூபாயை நெருங்கும். டெலிவரி வேலை பார்க்கிற பையன்கள் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு தூரம் ஓடுகிறார்கள்.

சக்தி குறைவு என்பதால் இந்த எரிபொருளை வழக்கமான பெட்ரோலைவிட மலிவாக விற்க வேண்டும் என்று அதே அறிக்கை பரிந்துரைத்தது. அது நடக்கவில்லை. இப்போது எத்தனால் கொள்முதலுக்கே லிட்டருக்கு 71 ரூபாய்க்கு மேல் ஆகிறது, அதனால் குறைக்க வழியில்லை என்கிறது பெட்ரோலிய அமைச்சகம். சரி, ஆனால் நாட்டுக்கு மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கை வரிக் குறைப்பாகவாவது பழைய வண்டிக்காரருக்குக் கொடுத்திருக்கலாம். பிரேசிலில் கலப்பு நம்மைவிட அதிகம், 30 சதவீதம். ஆனால் அவர்கள் 1975இல் தொடங்கிப் படிப்படியாக வந்தவர்கள், எந்தக் கலப்பிலும் ஓடும் வண்டிகளை 2003 முதல் விற்கிறவர்கள். நாம் 10இலிருந்து 20க்கு மூன்றே ஆண்டில் தாவினோம்.

அடுத்தது வண்டியின் உடம்பு. 2023 ஏப்ரல் முதல் தயாரான வண்டிகளின் பாகங்கள் இ20க்குத் தாங்கும். அதற்கு முந்தையது என்றால் உரிமையாளர் கையேட்டில் எந்த அளவு எத்தனால் வரை அனுமதி என்று பாருங்கள். சில வண்டிகளில் டேங்க் மூடியின் உள்பக்கமும் எழுதியிருக்கும். பழைய வண்டிகளில் ரப்பர் குழாய், கேஸ்கெட் போன்றவற்றை 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு மாற்ற நேரலாம் என்று அமைச்சகமே சொல்கிறது. சர்வீஸுக்கு விடும்போது பெட்ரோல் குழாய் விரிந்து மெதுமெதுவென்று இருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

எத்தனாலுக்குத் தண்ணீரை இழுக்கும் குணம் உண்டு. டேங்கில் ஈரம் அதிகமாகச் சேர்ந்தால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து, பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். எஞ்சினுக்கு முதலில் போவது அதுதான். வெளியூர் போய் மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துகிறவர்கள் டேங்கில் காற்றுக்கு இடம் இல்லாமல் நிரப்பி வைப்பது நல்லது. மழைக்காலத்தில் டேங்க் மூடியின் ரப்பர் வளையத்தையும் கவனியுங்கள். வாரன்டியில் இருக்கும் பழைய வண்டி என்றால், இ20 போட்டால் வாரன்டி செல்லுமா என்று டீலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்ப்பேச்சு பின்னால் உதவாது.

இனி நீண்டகாலச் செலவு. கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க ஏறத்தாழ 2,860 லிட்டர் தண்ணீர் ஆகிறது. இதுவும் நிதி ஆயோக் அறிக்கையில் உள்ள கணக்குதான். கவனம் மக்காச்சோளத்துக்குத் திரும்பியதற்கு இந்தத் தண்ணீர்ச் செலவும் ஒரு காரணம். ஆனால் நாமக்கல் கோழிப் பண்ணைகளின் தீவனமும் அதே மக்காச்சோளம்தான். ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024இல் மக்காச்சோளத்தை இறக்குமதி செய்தது. எண்ணெய்க் கப்பலைக் குறைக்கப் போய்த் தானியக் கப்பலை வரவழைப்பது எப்படி லாபமாகும்?

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நாம் ஆண்டுக்கு எரிக்கும் பெட்ரோல் சுமார் 4 கோடி டன், டீசலோ 9 கோடி டன்னுக்கு மேல். எத்தனால் தொடுவது சிறிய பங்கை மட்டுமே. லாரிச் சரக்கை ரயிலுக்கு மாற்றுவதும் நகரங்களில் மின்சாரப் பேருந்தைப் பெருக்குவதும்தான் பெரிய பங்கைத் தொடும். 20க்கு மேல் எத்தனாலைக் கூட்டலாமா என்று யோசிப்பதற்கு முன்னால், பழைய வண்டிகளுக்காக இ10 ஊற்றும் ஒரு குழாயையாவது ஒவ்வொரு பங்கிலும் திறக்கட்டும்.