மன்னர்களைச் சட்டப் புத்தகத்தில் படிக்கும்போது கொஞ்சம் நிதானம்

நம் வழக்கறிஞர்கள் எழுதும் வாதுரைகளில் இங்கிலாந்து மன்னர்கள் அடிக்கடி வந்து போகிறார்கள். ஜான் மன்னர் மக்களுக்கு உரிமை கொடுத்தார், ஜேம்ஸ் சட்டத்தை மிதிக்கப் பார்த்தார், இரண்டாம் ஹென்றி பொதுச்சட்டத்தை (நீதிமன்றத் தீர்ப்புகளால் வளர்ந்த, நாடு முழுதுக்கும் பொதுவான சட்டம்) படைத்தார் என்று ஒரு வரி. அப்புறம் நேராக, உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் நம் அரசமைப்பின் 21ஆம் பிரிவு. ஜூனியர்களின் வரைவில் இப்படி ஒரு வரி வந்தால் நான் கேட்பது ஒன்றுதான்: இதை முதலில் எழுதியது யார்? பெரும்பாலும் ஒரு வழக்கறிஞரோ நீதிபதியோதான் எழுதியிருப்பார். அவருக்கும் அன்று சார்ந்து நிற்க ஒரு தரப்பு இருந்தது, நிலைநாட்ட வேண்டிய ஒரு வாதம் இருந்தது.

முதலாம் ஜேம்ஸை எடுத்துக்கொள்வோம். 1607ஆம் ஆண்டின் அந்தக் காட்சி சட்டம் படித்த எல்லாருக்கும் தெரியும். திருச்சபை நீதிமன்றங்களின் அதிகாரம் பற்றித் தகராறு. எந்த வழக்கையும் நீதிபதிகளிடமிருந்து எடுத்து மன்னரே தீர்க்கலாம் என்று பேராயர் பான்கிராஃப்ட் மன்னரிடம் சொல்லியிருந்தார். எனக்கும் பகுத்தறிவு உண்டே என்றார் மன்னர். சட்ட அறிவு நெடுநாள் படிப்பாலும் பழக்கத்தாலும் வருவது என்றார் தலைமை நீதிபதி எட்வர்ட் கோக். மன்னர் எந்த மனிதருக்கும் கீழ்ப்பட்டவர் அல்ல, ஆனால் கடவுளுக்கும் சட்டத்துக்கும் கீழ்ப்பட்டவர் என்றும் சொன்னார்.

இதை எழுதி வைத்தவரே கோக்தான். அது அச்சில் வந்தது 1656இல். அதாவது அவர் இறந்து 22 ஆண்டுகள் கழித்து, ஜேம்ஸின் மகன் சார்லஸை மரண மேடைக்கு அனுப்பிவிட்ட இங்கிலாந்தில். அந்த மோதலைப் பற்றி அக்காலத்தில் எழுதப்பட்ட ஒரு கடிதம் வேறு மாதிரி சொல்கிறது: மன்னர் முஷ்டியை ஓங்கிக்கொண்டு வர, கோக் தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்டாராம். இதனால் கோக் சொன்ன கோட்பாடு பொய்யாகிவிடாது. அதை நானும் நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டுவேன். ஆனால் கோட்பாட்டைச் சொல்வது வேறு, அந்த அறையில் நடந்தது இதுதான் என்று சாதிப்பது வேறு.

இதே ஜேம்ஸ் சமன்நீதிப் பாடத்தில் (பொதுச்சட்டத்தின் கடுமையை நியாயத்தால் தணிக்கும் ஈக்விட்டி) எப்படி வருகிறார் பாருங்கள். மோசடியாகப் பெற்ற தீர்ப்பை நிறைவேற்றாதே என்று ஒருவரை, சமன்நீதி வழங்கும் சான்சரி நீதிமன்றம் தடுக்கலாமா என்ற சண்டையில், 1616இல் மன்னர் சான்சரியின் பக்கம் நின்றார். மன்னரின் அட்டர்னி ஜெனரலாக இருந்த பிரான்சிஸ் பேக்கன் தந்த ஆலோசனை அது. எதிர்ப்பக்கம் நின்ற கோக், அதே ஆண்டில் பதவியும் இழந்தார். இன்று நாம் தினமும் கேட்டு வாங்கும் தடையுத்தரவுகள் சான்சரி மரபிலிருந்து வந்தவை. ஆக, அரசமைப்பு வரலாற்றில் கொடுங்கோலர், சமன்நீதி வரலாற்றில் காப்பாளர். ஒரே மாணவர் இரண்டையும் படிக்கிறார், இரண்டும் ஒரே ஆள் என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

முதலாம் எட்வர்டும் அப்படித்தான். சட்டங்களைத் தொகுத்த ரோமப் பேரரசரின் பெயரால் ‘நம் ஜஸ்டினியன்’ என்று அவரைப் புகழ்ந்ததும் கோக்தான். நில மாற்றத்தை ஒழுங்குபடுத்திய 1290ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொத்துச் சட்ட நூல்கள் கொண்டாடுகின்றன. அதே ஜூலை மாதத்தில் இங்கிலாந்திலிருந்த யூதர்கள் அனைவரையும் வெளியேற்ற ஆணையிட்டவரும் அவரே. இது அந்த அத்தியாயத்தில் இருக்காது. இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மேக்னா கார்ட்டாவை, அதாவது ஜான் மன்னரின் உரிமைச் சாசனத்தை, மேற்கோள் காட்டுபவர்களுக்குச் சில விவரங்கள். 1215 ஜூனில் ஜான் கிளர்ச்சிப் பிரபுக்களுக்குப் பணிந்து முத்திரையிட்ட சாசனத்தை, அவர் கேட்டுக்கொண்டதன் பேரிலேயே போப் ஆகஸ்டில் ரத்து செய்துவிட்டார். சட்டமாக நிலைத்தது மூன்றாம் ஹென்றி காலத்து 1225ஆம் ஆண்டு வடிவம். அது காப்பாற்றியது சுதந்திர மனிதர்களை. பண்ணையடிமைகளாக இருந்த பெருந்திரள் அதில் அடங்கவில்லை. உரிய சட்ட நடைமுறை (due process of law) என்ற சொற்கள் வருவது 1354இல், மூன்றாம் எட்வர்டின் சட்டத்தில்.

கடைசியாக, சிவில் வழக்கு நடத்துபவர்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஒன்று. இரண்டாம் ஹென்றி காலத்தில், 1166 வாக்கில், ஒரு புதிய பரிகாரம் வந்தது. நிலம் யாருடையது என்ற கேள்விக்கே போகாமல், அண்மையில் அநியாயமாக வெளியேற்றப்பட்டவரிடம் சுவாதீனத்தை, அதாவது நிலத்தின் கைவசத்தை, திருப்பிக் கொடுப்பது. இதைப் பெருங்கருணையாக எழுதுவார்கள். அபராதப் பணம் மன்னர் கருவூலத்துக்குப் போனதையும், பண்ணையடிமை தன் பிரபுவுக்கு எதிராக இதைப் பயன்படுத்த முடியாததையும் சேர்த்து எழுதுபவர்கள் குறைவு. மன்னர் மீதே ரிட் (நீதிமன்ற ஆணை) கிடையாது, மன்றாடலாம், அவ்வளவுதான் என்று பிராக்டன் என்ற நீதிபதியின் பெயரில் வழங்கும் 13ஆம் நூற்றாண்டு நூல் சொல்கிறது.

நம் குறித்தவகைத் தீர்வழிச் சட்டம், 1963இன் 6ஆம் பிரிவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சட்ட வழிமுறை இல்லாமல் வெளியேற்றப்பட்டவர், உரிமை மூலத்தை (நிலம் தன்னுடையது என்பதை) நிரூபிக்காமலே சுவாதீனம் கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அரசுக்கு எதிராக இந்தப் பிரிவில் வழக்கே கிடையாது என்று உட்பிரிவு (2) சொல்கிறது. ஆகவே, அதிகாரிகள் வந்து வேலியைப் பிடுங்கிவிட்டார்கள் என்று ஒருவர் வந்தால் 6ஆம் பிரிவில் மனு எழுத உட்காராதீர்கள். அரசமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட்டா, உரிமை மூலத்தோடு வழக்கா என்று அன்றைக்கே முடிவு செய்யுங்கள். வெளியேற்றியவர் தனிநபர் என்றால், முதலில் தேதியைக் கேளுங்கள்.