ஒரு சாப்பாடு, இரண்டு 672

தை அமாவாசை அன்று ராமேஸ்வரத்தில் கூட்டத்தோடு சேர்ந்து செல்போன் டவரும் திணறும். அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு நாங்கள் நான்கு பேர் சாப்பிட உட்கார்ந்தபோது மணி இரண்டு. சாப்பாடு 160 வீதம் 640 ரூபாய். மத்திய ஜி.எஸ்.டி. 2.5 சதவீதம் 16, மாநில ஜி.எஸ்.டி. இன்னொரு 16. ஆக 672.

கல்லாவில் டெபிட் கார்டைக் கொடுத்தேன். மிஷின் சுற்றிக்கொண்டே இருந்து நின்றுவிட்டது. "லைன் கிடைக்கல சார், இன்னொரு தடவை போடுறேன்" என்றார் கல்லாவில் இருந்த தம்பி. இரண்டாவது முறை சீட்டு வந்தது. பாம்பன் பாலம் தாண்டும்போது போனைப் பார்த்தால் 672 இரண்டு தடவை போயிருந்தது. அதுவும் ஓட்டல் பெயரில் இல்லை, ஏதோ 'எண்டர்பிரைசஸ்' பெயரில். "யாரோ நம்ம கார்டை எடுத்துட்டாங்கடா" என்று அம்மா பதறிவிட்டார்.

பெயர்க் குழப்பம் எளிதில் தீர்ந்தது. வங்கியில் மிஷின் வாங்கும்போது எந்தப் பெயரைப் பதிந்தார்களோ அதுதான் ஸ்டேட்மென்டில் வரும். வாசல் பலகையில் வேறு பெயர் இருக்கலாம். பில்லில் 15 எழுத்தில் ஜி.எஸ்.டி. எண் இருக்கும், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 என்று தொடங்கும். அதை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் தட்டினால் சட்டப்படியான பெயர், கடைப் பெயர் இரண்டும் வந்துவிடும். எங்கள் 'எண்டர்பிரைசஸ்' அங்கே இருந்தது.

அப்புறம் அந்தக் கூடுதல் 672. கார்டைப் போட்டதும் கேள்வி ஓட்டலின் வங்கிக்குப் போகிறது. அங்கிருந்து ரூபே, விசா போன்ற வலையமைப்பு வழியாக நம் வங்கிக்கு வருகிறது. நம் வங்கி பணத்தை எடுத்து வைத்துவிட்டு 'சரி' என்று பதில் அனுப்புகிறது. பக்கத்து ஊரான மண்டபத்துக்கு ஆள் அனுப்பி அரிசி கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் மூட்டையை நம் பெயரில் ஓரமாக எடுத்து வைத்துவிட்டார். அதைச் சொல்ல வந்த ஆள் வழியில் மாட்டிக்கொண்டான். எங்களுக்கு நடந்ததும் இதுவே. வங்கி எடுத்து வைத்த பணம் மிஷினுக்குத் தெரியவில்லை. ஓட்டல் கணக்கு முடிக்கும்போது, மிஷின் வெற்றி என்று குறித்தவை மட்டுமே போகும். மற்றது நமக்கே திரும்ப வேண்டும். ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்பாவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019இல் விதித்திருக்கிறது.

எது உண்மையான செலவு என்று சீட்டு சொல்லும். அதில் 'ஆர்.ஆர்.என்.' என்று, அந்தப் பரிவர்த்தனையை அடையாளம் காட்டும் 12 இலக்க எண் இருக்கும். ஒவ்வொரு முயற்சிக்கும் அது வேறு. அதனால்தான் சீட்டைக் கையோடு படம் எடுத்துவிடச் சொல்கிறேன். அது மையில் அச்சடிப்பதல்ல. சூடு பட்டால் கறுக்கும் பூச்சு பூசிய தாள். நம் கடற்கரை வெயிலில் காரின் முன்பக்கம் போட்டு வைத்தால் எழுத்தோடு சேர்ந்து தாளும் கறுத்துவிடும்.

பில்லில் 'சேவைக் கட்டணம்' என்று ஒரு தொகை இருந்தால், அது அரசு வரி அல்ல, கட்டாயமும் அல்ல. நீக்கச் சொல்லிக் கேட்கலாம். நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வெளியிட்ட நெறிமுறை அது. டெல்லி உயர்நீதிமன்றமும் 2025இல் உறுதி செய்தது. எவ்வளவு தேடியும் நம்முடையதாகத் தெரியாத செலவு என்றால் யோசிக்கவே வேண்டாம், உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வெளியாள் எடுத்த பணம் என்றால், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொல்பவருக்கு நஷ்டம் கிடையாது என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி.

நான்காம் நாள் 672 ரூபாய் கணக்கில் திரும்ப வந்தது. வங்கிச் செயலியில் அந்தப் பதிவைத் திறந்து, 12 இலக்கத்தையும் சீட்டின் படத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். பொருந்தவில்லை. திரும்பியது முதல் முயற்சியின் பணம். சாப்பாட்டுக் காசு ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.