முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்குச் செல்லும் பிள்ளை: சிங்கப்பூர்க் குடும்பத்துக்குக் கிடைக்கும் உதவிகள்

பள்ளியில் நடந்த உடல்நலப் பரிசோதனையில் பிள்ளையை முன்பக்கமாகக் குனியச் சொல்கிறார்கள்; முதுகின் ஒரு பக்கம் மற்றதைவிடச் சற்று மேடாகத் தெரிகிறது; சில நாள்களில் கடிதம் ஒன்று வீட்டுக்கு வருகிறது. முதுகெலும்பின் பக்கவாட்டு வளைவு, அதாவது ஸ்கோலியோசிஸ், சிங்கப்பூரில் பல குடும்பங்களுக்கு இப்படித்தான் தெரியவருகிறது. எக்ஸ்ரே படத்தில் அளக்கப்படும் வளைவின் அளவு, அதாவது காப் கோணம், 10 பாகையைத் தாண்டினால் அது ஸ்கோலியோசிஸ் எனப்படும். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கண்காணிப்பே போதும். சிலர் வளர்ந்து முடியும்வரை முதுகுக்கவசம் அணிய வேண்டியிருக்கும். வளைவு 50 பாகையை நெருங்கினாலோ, பிறவியிலேயே எலும்பு சரியாக உருவாகாதிருந்தாலோ, தசைநோய் காரணமாக வளைவு விரைந்து கூடினாலோ, உலோகத் தண்டுகளும் திருகுகளும் பொருத்தி எலும்புகளை இணைக்கும் பெரிய அறுவை சிகிச்சையைப் பற்றி மருத்துவர் பேசத் தொடங்குவார்.

அந்தப் பேச்சு தொடங்கியதும் பெற்றோரின் மனத்தில் எழும் முதற்கேள்வி பிள்ளையைப் பற்றியது. இரண்டாவது, பணத்தைப் பற்றியது. இரண்டாவது கேள்வியைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட வேண்டியதில்லை. அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பதற்கு முன்பே அதைக் கேட்டுவிடுவதுதான் பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் நல்லது. ஏனெனில், கட்டணத்தைத் தீர்மானிக்கும் முக்கிய முடிவு மருத்துவமனைக் கட்டணச்சீட்டு வரும் நாளில் எடுக்கப்படுவதில்லை, முதன்முதலாக நிபுணரைப் பார்க்கச் செல்லும் நாளிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்துடனோ, பள்ளிப் பரிசோதனையைத் தொடர்ந்து சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் மாணவர் சுகாதார நிலையம் தரும் கடிதத்துடனோ அரசாங்க மருத்துவமனையின் நிபுணரிடம் செல்லும் பிள்ளை, மானியம் பெறும் நோயாளியாகப் பதிவு செய்யப்படலாம். விரைவில் பார்க்க வேண்டும் என்ற பதற்றத்திலோ, குறிப்பிட்ட மருத்துவரையே பார்க்க வேண்டும் என்ற விருப்பத்திலோ நேரடியாகத் தனியார் கட்டணத்தில் பதிந்துகொள்ளும் குடும்பம், பிற்பாடு மானியப் பிரிவுக்கு மாற விரும்பினால் அது தானாக நடப்பதில்லை. அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவ சமூக ஊழியர் குடும்பத்தின் நிதிநிலையை ஆராய வேண்டும். தனியார் கட்டணத்தைத் தேர்ந்தெடுப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. அதைத் தெரிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறேன். மானியப் பிரிவில் மருத்துவரை நாம் தேர்ந்தெடுக்க இயலாது, காத்திருப்பும் கூடலாம், ஆனால் கே.கே. மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் சிக்கலான முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்கான நிபுணர் குழு இரு பிரிவினருக்கும் உண்டு.

மானியம் எவ்வளவு என்பது வார்டு வகுப்பையும் குடும்ப வருமானத்தையும் பொறுத்தது. பி2, சி வகுப்பு வார்டுகளில் சிங்கப்பூர்க் குடிமக்களுக்குக் கட்டணத்தில் 50 முதல் 80 விழுக்காடு வரை மானியம் கிடைக்கும். நிரந்தரவாசிகளுக்கு அதைவிடக் குறைவு. 2022ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மாற்றத்துக்குப் பிறகு, ஒரே முகவரியில் வாழும் குடும்பத்தினரின் மொத்த மாத வருமானத்தைத் தலைக்கு வகுத்துக் கிடைக்கும் தொகையே அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. ஆகவே தாத்தா, பாட்டியுடன் ஒரே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வாழும் குடும்பம், முகவரிப் பதிவு சரியாக உள்ளதா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. அண்மையில் பெற்றோரில் ஒருவர் வேலையிழந்திருந்தால் அதையும் மருத்துவமனையிடம் சொல்ல வேண்டும். பழைய வருமானப் பதிவை வைத்தே மானியம் கணக்கிடப்பட்டிருக்கக்கூடும்.

மானியம் போக எஞ்சும் தொகைக்கு, தேசிய மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் கைகொடுக்கிறது. 2015ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த இந்தக் காப்புறுதி, குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவருக்கும் வாழ்நாள் முழுவதும் உண்டு. முன்பே இருந்த நோய் என்றோ, பிறவிக் குறை என்றோ யாரும் இதிலிருந்து விலக்கப்படுவதில்லை. இந்த ஒரு கூறு முதுகெலும்புக் கோளாறு உள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்கு எவ்வளவு பெரியது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தனியார் காப்புறுதி நிறுவனங்கள் விற்கும் ஒருங்கிணைந்த ஷீல்டு திட்டத்தில் வளைவு கண்டறியப்பட்ட பிறகு சேர முயன்றால், நிறுவனம் அந்த நோயை விலக்கிவைக்கலாம். அப்போதும் மெடிஷீல்டு லைஃப் பாதுகாப்பு குறையாமல் தொடரும். இதற்கான ஆண்டுக் கோரிக்கை வரம்பு 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 150,000 வெள்ளியிலிருந்து 200,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. எனினும் இதன் வரம்புகள் பி2, சி வகுப்புக் கட்டணங்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. ஏ அல்லது பி1 வார்டிலோ தனியார் மருத்துவமனையிலோ சிகிச்சை பெற்றால், கட்டணத்தில் ஒரு பகுதி மட்டுமே கோரிக்கைக் கணக்கில் சேர்க்கப்படும். மீதிச் சுமை குடும்பத்தின் மீது விழும்.

காப்புறுதி தருவதற்கு முன் குடும்பம் ஏற்க வேண்டிய பங்கு இரண்டு வகைப்படும். ஆண்டுக்கு ஒரு முறை கழிக்கப்படும் நிலையான தொகை ஒன்று. அதன்பின் எஞ்சும் தொகையில் 3 முதல் 10 விழுக்காடு வரையிலான இணைப் பங்கு மற்றொன்று. கட்டணம் கூடக் கூட இந்த விழுக்காடு குறைந்துகொண்டே போகும். கணக்கு புரிவதற்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டு: மானியம் போகக் கட்டணம் 12,000 வெள்ளி, நிலையான தொகை 2,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் முழுவதும் கோரிக்கை வரம்புக்குள் அடங்கினால், எஞ்சும் 10,000 வெள்ளியில் இணைப் பங்கு எவ்வகையிலும் 1,000 வெள்ளியைத் தாண்டாது. குடும்பத்தின் பொறுப்பு அதிகபட்சம் 3,000 வெள்ளி. தண்டுகள், திருகுகள் போன்ற உள்வைப்புப் பொருள்களுக்குத் தனி வரம்பு உண்டு. இந்த அறுவை சிகிச்சையில் அவற்றின் எண்ணிக்கை மிகுதி என்பதால், நிதி ஆலோசனையின்போது அவற்றின் விலையையும் வரம்பையும் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அறுவை சிகிச்சைக்கும் சுகாதார அமைச்சின் அட்டவணையில் 1ஏ முதல் 7சி வரை ஒரு நிலை உண்டு. மருத்துவர் தரும் அட்டவணைக் குறியீட்டைக் கேட்டு வைத்துக்கொண்டால், எல்லா விசாரிப்புகளும் எளிதாகும்.

குடும்பத்தின் பங்கை ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும் என்பதில்லை. 1984 முதல் நடப்பில் உள்ள மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து, வரம்புக்கு உட்பட்டு, அதைச் செலுத்தலாம். தாய், தந்தை இருவரின் கணக்குகளும் பயன்படும். உடன்பிறந்தோரும் உதவலாம். பிள்ளைக்கே சொந்தமாக ஒரு மெடிசேவ் கணக்கு இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: 2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் தேதி முதல் பிறந்த குடிமக்களுக்கு 3,000 வெள்ளியும், 2015 முதல் பிறந்தவர்களுக்கு 4,000 வெள்ளியும் அரசாங்கம் அந்தக் கணக்கில் போட்டிருக்கிறது. யாருடைய கணக்கிலிருந்து எடுப்பதானாலும், அவர் கோரிக்கை அங்கீகாரப் படிவத்தில் ஒப்புதல் தர வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் கட்ட இயலாத குடும்பங்களுக்கு மெடிஃபண்ட் உள்ளது. 1993இல் 200 மில்லியன் வெள்ளி மூலதனத்துடன் தொடங்கப்பட்ட இந்த அறநிதியில், 18 வயதும் அதற்குக் குறைந்தவர்களுமான பிள்ளைகளுக்கென மெடிஃபண்ட் ஜூனியர் என்ற பிரிவு 2013இல் ஏற்படுத்தப்பட்டது. இது குடிமக்களுக்கு மட்டுமே உரியது. மானியப் பிரிவில் சிகிச்சை பெற்று, மானியம், காப்புறுதி, மெடிசேவ் ஆகியவற்றைப் பயன்படுத்திய பிறகும் சிரமப்படுவோருக்கானது. விண்ணப்பம் மருத்துவ சமூக ஊழியர் வழியாகவே செல்லும். கட்டணச்சீட்டு வீட்டுக்கு வந்து, நினைவூட்டல் கடிதமும் வந்த பிறகு அவரைத் தேடிச் செல்வதைவிட, பிள்ளையை வார்டில் சேர்ப்பதற்கு முன்பே சந்தித்துவிடுங்கள். தமிழில் பேசினால்தான் தாத்தா பாட்டிக்குப் புரியும் என்றால், மொழிபெயர்ப்பு உதவி கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

வேலை அனுமதி அட்டையில் இங்கு வாழும் தமிழகக் குடும்பங்களின் நிலை வேறு. குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இல்லாத பிள்ளைக்கு மானியமோ மெடிஷீல்டு லைஃபோ இல்லை. பெற்றோரில் ஒருவர் நிரந்தரவாசியாக இருந்தால் மட்டும் அவருடைய மெடிசேவைப் பிள்ளைக்குப் பயன்படுத்தலாம். முதலாளி வழங்கும் குழுக் காப்புறுதி பிள்ளைகளையும் உள்ளடக்குகிறதா, பிறவிக் குறைகளை விலக்குகிறதா என்று எழுத்துமூலம் கேட்டுப் பெறுவது இவர்களுக்கு மிக அவசியம். பள்ளி மாணவர்களுக்கான விபத்துக் காப்புறுதியை நம்பியிருப்பவர்களும் உள்ளனர். அது விபத்துக்கானது, இத்தகைய நோய்க்குப் பொருந்தாது.

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய முதற்சில வாரங்களில் பிள்ளைக்குத் துணை வேண்டும். குளிக்கவும், படுக்கையிலிருந்து எழவும்கூடக் கை கொடுக்க ஒருவர் அருகில் இருக்க வேண்டும். சட்டப்படியான பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு, பிள்ளைக்கு 12 வயது முடியும்வரைதான் உண்டு. பதின்ம வயதுப் பிள்ளைக்குத்தான் இந்த அறுவை சிகிச்சை பெரும்பாலும் நடக்கிறது என்பதால், பெற்றோர் ஆண்டு விடுப்பையோ சம்பளமில்லா விடுப்பையோ நாட வேண்டியிருக்கிறது. இது என் மனத்தை உறுத்தும் இடைவெளி. எனினும் 2024ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த நீக்குப்போக்கான வேலை ஏற்பாடுகளுக்கான முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகளின்படி, வீட்டிலிருந்து வேலை செய்யவோ வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளவோ முறைப்படி கோரலாம்; முதலாளி இரண்டு மாதங்களுக்குள் எழுத்துமூலம் பதில் தர வேண்டும். அந்த இரண்டு மாதத்தைக் கணக்கில் வைத்து, அறுவை சிகிச்சை நாள் தெரிந்தவுடனே விண்ணப்பியுங்கள். வருமானம் குறைந்து அன்றாடச் செலவுக்கே தடுமாற்றம் ஏற்பட்டால், வட்டாரத்தின் சமூக சேவை அலுவலகத்தில் காம்கேர் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். 1991இல் நிறுவப்பட்ட சிண்டாவின் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) குடும்பச் சேவையும் துணைப்பாட வகுப்புகளும் பல வாரப் பாடம் தவறிய பிள்ளைக்கு மிகவும் பயன்படும்.

பள்ளியிடம் பேசுவதற்கும் காலம் பார்க்க வேண்டும். தேசியத் தேர்வு எழுதும் ஆண்டாக இருந்தால், நீண்ட நேரம் உட்கார இயலாத மாணவருக்கு இடையிடையே ஓய்வு, கூடுதல் நேரம் போன்ற ஏற்பாடுகளை சிங்கப்பூர்த் தேர்வு, மதிப்பீட்டுக் கழகத்திடம் பள்ளி மூலமாகவே கோர வேண்டும். அதற்கு மருத்துவ அறிக்கை தேவை. வளைவு எவ்வளவு விரைவாகக் கூடுகிறது என்பதைப் பொறுத்து, தேர்வு முடிந்து ஆண்டிறுதி விடுமுறையில் அறுவை சிகிச்சையை வைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேட்பதில் தவறில்லை. அந்த உரையாடலில் பிள்ளையும் இருக்கட்டும். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு ஒப்புதல் கையொப்பம் பெற்றோருடையது என்றாலும், உடல் பிள்ளையுடையது. தழும்பு எங்கே வரும், மீண்டும் நீச்சலடிக்க இயலுமா, நடனம் ஆட இயலுமா என்ற கேள்விகளை அவர்களே தங்கள் வாயால் கேட்கட்டும்.

மருத்துவமனையிலிருந்து வெளியேறும் நாளில், உடற்கல்வி வகுப்பிலிருந்தும் பள்ளிப்பை சுமப்பதிலிருந்தும் எத்தனை மாதம் விலக்கு என்பதைத் தேதியுடன் எழுதிய கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். பொருத்தப்பட்ட உள்வைப்புகளின் விவரத்தையும் அறுவை சிகிச்சை அறிக்கையையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். பையனாக இருந்தால், தேசிய சேவைக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனைக்கு அந்தக் கோப்பை அவன் எடுத்துச் செல்ல வேண்டியிருக்கும்.