லென்ஸின் முன் கண்ணாடியில் தூசியா? துணியை எடுக்க அவசரப்படாதீர்கள்

பழுது பார்க்க என்னிடம் வரும் வீடியோ ஜூம் லென்ஸ்களில், தூசியால் கெட்டவை அபூர்வம். துடைத்துத் துடைத்துக் கெடுத்தவைதான் அதிகம். முன் கண்ணாடியின் நடுவில் கோட்டிங் (ஒளிப் பிரதிபலிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சு) மங்கி, சுற்றிலும் மெல்லிய கீறல்கள் ஓடும். கேட்டால், "தினமும் துடைச்சு சுத்தமா வச்சிருக்கேன் சார்" என்பார்கள். எதை வைத்துத் துடைத்தார் என்பதைச் சட்டை நுனியே சொல்லிவிடும்.

காற்றில் வரும் தூசியில் மணல் துகளும் உண்டு. அது பெரும்பாலும் குவார்ட்ஸ் என்ற கடினமான கனிமம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. கண்ணாடி அதைவிட மெது. மேலே இருக்கும் கோட்டிங்கின் ஒவ்வொரு அடுக்கும் ஏறக்குறைய 100 நானோமீட்டர்தான். உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, தூசி படத்தில் தெரியாதா? டெலியில், அதாவது தூரக் காட்சியை ஜூம் செய்து நெருக்கும்போது, தெரியாது. துகள் ஃபோகஸுக்கு வெகு வெளியே இருப்பதால் கரைந்துவிடும். அகலக் காட்சி எடுக்கும் வைடில்தான் வம்பு. சிறிய சென்சார் கேமராவை வெயிலில் ஆட்டோ ஐரிஸில் (ஒளி புகும் துளையைக் கேமராவே சரிசெய்யும் முறை) விட்டால், அது எஃப்/11 வரை மூடிக்கொள்ளும்; எஃப் எண் கூடக்கூடத் துளை சிறிதாகும். அப்போது ஃபோகஸ் ஆழம் (தெளிவாகத் தெரியும் தூர வரம்பு) லென்ஸின் முகப்பை நெருங்கிவிடும். துகள் சாம்பல் நிறப் புள்ளியாக எழும். கேமராவைப் பக்கவாட்டில் திருப்பிப் பான் செய்யும்போது காட்சி நகரும், புள்ளி நகராது. பார்ப்பவர் கண் அங்கேதான் போகும். சூரியனோ மேடை விளக்கோ நேராக லென்ஸில் விழுந்தால் ஒவ்வொரு துகளும் ஒளியைச் சிதறடித்து, படம் முழுக்கப் பால் கலந்தது போல் வெளுக்கும்.

எனவே ஷூட்டுக்கு முன், வைடில் வைத்து ஐரிஸை மூடி வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ காட்டிப் பாருங்கள். புள்ளி தெரிந்தால் மெல்ல ஜூம் செய்யுங்கள். ஊதிப் பெருத்துக் கரைந்தால் அது முன் கண்ணாடித் தூசி. இருந்த இடத்திலேயே அதே அளவில் நின்றால் சென்சாரைச் சந்தேகியுங்கள். வெயிலில் ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டரைப் போட்டு ஐரிஸை எஃப்/4, 5.6 பக்கம் திறந்து வைத்தால் பாதித் தொல்லை தீர்ந்தது. சிறிய சென்சாரில் படமும் கூர்மையாக வரும்.

சுத்தம் செய்தே ஆக வேண்டுமா? லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து ரப்பர் புளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். ஸ்ப்ரே டப்பாவைச் சாய்த்து அடித்தால் உள்ளிருக்கும் திரவம் கண்ணாடியில் படியும். ஒட்டியிருப்பதை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

விரல் ரேகை வேறு விஷயம். எண்ணெய்ப் பசை கோட்டிங்கைப் பாதிக்கும், அதை விட்டுவைக்கக் கூடாது. தூசியை ஊதிய பிறகு, லென்ஸ் திரவத்தை மைக்ரோஃபைபர் துணியில் ஒரு சொட்டு விட்டு (கண்ணாடியில் நேராக அல்ல), நடுவிலிருந்து வெளிப்புறமாக லேசாகச் சுழற்றுங்கள்.

அப்புறம், செல்ஃபோன் டார்ச்சை அடித்துப் பார்த்துப் பதறி வருபவர்களுக்கு: அந்த வெளிச்சத்தில் புது லென்ஸிலும் தூசி தெரியும். உள்ளே நாலைந்து துகள் இருந்தால் விட்டுவிடுங்கள். சிலந்தி இழை போலக் கிளை விட்டுப் பரவியிருந்தால் மட்டும் அது பூஞ்சை. தள்ளிப்போடாமல் சர்வீஸுக்குக் கொடுங்கள், அதுவரை மற்ற லென்ஸ்களோடு ஒரே பையில் வைக்காதீர்கள்.