பெரும்பாடு

குடியாத்தத்திலிருந்து பெரியம்மாவை வேலூருக்குக் கூட்டிப் போயிருந்தேன். "ஒரு நாளைக்கு எத்தினி துணி மாத்துறீங்கம்மா?" என்று நர்ஸ் கேட்டார். பெரியம்மா கணக்கு சொல்லவில்லை. "ராத்திரியில ரெண்டு வாட்டி எழுந்து மாத்துறேன். பெரும்பாடா இருக்குது" என்றார். ஸ்கேன் முடிந்தபின் சீட்டில் டாக்டர் எழுதியது: ஏயுபி-எல்.

பெரும்பாடு என்பது சித்த மருத்துவத்தில் அதிக உதிரப்போக்கின் பெயரே. பாடு, 'படு' என்ற வினையிலிருந்து வந்தது. "பிள்ளைகளை ஆளாக்கப் பெரும்பாடு பட்டேன்" என்கிறோமே, அதே சொல். மருத்துவர்கள் வெகுகாலம் சொல்லிவந்த மெனோரேஜியா கிரேக்கச் சொல். மாதம், பீறிடுதல் என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. ஒரு மாதவிலக்கில் 80 மில்லிக்கு மேல் போனால்தான் அதிகம் என்று ஓர் அளவும் வைத்திருந்தார்கள். வீட்டில் யார் அளந்து பார்ப்பது? இப்போது ஒரு பெண்ணின் அன்றாடத்தைக் குலைக்கும் அளவுக்குப் போனாலே அதிகம்தான் என்கிறார்கள். பெரியம்மாவின் சொல் அதைத்தான் சொன்னது.

சரி, ஏயுபி? இயல்பு மீறிய கர்ப்பப்பை உதிரப்போக்கு. முன்பு காரணம் பிடிபடாவிட்டால் 'டியுபி', அதாவது செயல்பாட்டுக் கோளாறால் வரும் கர்ப்பப்பை உதிரப்போக்கு, என்று எழுதிவிடுவார்கள். அந்தப் பெயரில் ஆளுக்கொரு பொருள் இருந்ததால், 2011இல் உலக மகப்பேறு, பெண்நோய் மருத்துவர் கூட்டமைப்பான ஃபிகோ அதைக் கைவிட்டு, காரணங்களை ஒன்பதாகப் பிரித்தது. அவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்த சுருக்கப் பெயர் பாம்-கோயின் (PALM-COEIN). முதல் நான்கு, ஸ்கேனிலோ திசுச் சோதனையிலோ தெரிபவை: பாலிப், கர்ப்பப்பைத் தசைக்குள் உட்சவ்வு ஊடுருவுவது, நார்க்கட்டி, புற்றுநோயும் அதற்கு முந்தைய மாற்றமும். மற்றவை அப்படித் தெரியாதவை: ரத்தம் உறையாமை, கருமுட்டை ஒழுங்காக வெளிவராமை, உட்சவ்வின் கோளாறு, மருந்தாலும் காப்பர்-டியாலும் வருவது, எதிலும் சேராதது. ரத்தம் உறையாதிருக்கத் தரும் மாத்திரையால் வரும் போக்கை 2018 திருத்தத்தில் மருந்து வகைக்கு மாற்றினார்கள். ஒருத்திக்கே இரண்டு மூன்று காரணம் இருக்கலாம். கட்டி தெரிந்ததும் தேடலை நிறுத்தக் கூடாது என்பதை மருத்துவர்கள் அழுத்திச் சொல்கிறார்கள்.

ஏயுபி முழுவதற்கும் பெரும்பாடு பொருந்தாது. நாள் தப்பி வருவதும் இடையில் லேசாகப் படுவதும் ஏயுபிதான். அதற்கு 'சீரற்ற உதிரப்போக்கு' போதும். அளவு மிகுந்ததற்குப் பெரும்பாட்டையே வைத்துக்கொள்ளலாம்.

பஸ்ஸில் பெரியம்மா சீட்டைப் பிரித்து, "எல்லுன்னா இன்னா?" என்றார்.

"நார்க்கட்டி, பெரியம்மா. புற்று இல்ல."

சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார்.