முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளை ஒரு தடவை பின்பக்கமிருந்து பாருங்கள். முன்னால் ஹார்ஸ் (டிரெய்லரை இழுக்கிற எஞ்சின் வண்டி) மாலையும் எலுமிச்சம்பழமுமாகப் பளபளவென்று நிற்கும். பின்னால் டிரெய்லரின் நம்பர் பிளேட்டைப் பாதி உப்புக்காற்று தின்றிருக்கும், மீதியைச் சேறு மூடியிருக்கும். பேப்பரும் அப்படித்தான். தண்டையார்பேட்டையில் லாரி முதலாளிகளுக்கு ஆர்.டி.ஓ. வேலை செய்து கொடுப்பது என் பிழைப்பு. முன் வண்டியின் தேதியெல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறவர்கள், பின் வண்டியின் ஆர்.சி. எங்கே என்றால் வீட்டம்மாவுக்கு போன் போடுவார்கள்.

எஞ்சின் இல்லாவிட்டாலும் சட்டப்படி டிரெய்லர் ஒரு மோட்டார் வண்டிதான். அதற்குத் தனி நம்பர், தனி ஆர்.சி., தனி எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு. புது வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி., அதற்கு மேல் வருடா வருடம். முன்னதும் பின்னதும் ஒரே நாளில் வாங்கியதாக இருக்காது. அதனால் தேதிகளும் ஒன்றாக வராது.

இதில் நானே வழுக்கியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஹார்ஸுக்கு எஃப்.சி. எடுத்துக் கொடுத்துவிட்டு, டிரெய்லரின் தேதியைப் பார்க்காமல் விட்டேன். மாதவரம் ரவுண்டானா பக்கம் வண்டியை மடக்கிய பிரேக் இன்ஸ்பெக்டர் முதலில் கேட்டதே, "பின்னாடி வண்டி பேப்பர் எங்கப்பா?" என்றுதான். சரக்கு கப்பலைத் தவறவிட்டது. அபராதத்தை நான் கட்டினேன். அந்த முதலாளி இன்றைக்கும் டீக்கடையில் யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்கிறார். அன்றிலிருந்து என் நோட்டில் ஒரு லாரிக்கு இரண்டு பக்கம்.

அடுத்தது ஜோடி சேர்ப்பது. சாத்தாங்காட்டில் இரும்பு ஏற்றும் ஒருவர் மூன்று ஆக்சில் டிரெய்லர் ஒன்றைப் பழையதாக வாங்கிவிட்டு, "இனிமே ஆறு டன் கூடப் போடலாம்ல அண்ணே?" என்றார். 2018-இல் வந்த ஆக்சில் எடைக் கணக்கை வைத்துக்கொண்டு அவர் பேசினார். ஹார்ஸின் முன் ஆக்சில் (அச்சு) 7 டன், நான்கு டயர் உள்ள பின் ஆக்சில் 11.5; டிரெய்லரில் இரட்டை ஆக்சில் 21, மூன்று ஆக்சில் 27. இரண்டு ஆக்சில் டிரெய்லரோடு கூட்டினால் 39.5, மூன்று ஆக்சிலோடு 45.5. கூட்டல் சரிதான். ஆனால் அவருடைய ஹார்ஸின் ஆர்.சி.யில் 39,500 கிலோ என்றல்லவா எழுதியிருக்கிறது! பின்னால் எத்தனை ஆக்சில் மாட்டினாலும் இழுக்கிற வண்டியின் கணக்கு ஏறாது. எடை கூடினால் 20,000 ரூபாய், அதோடு கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. சரக்கை அங்கேயே இறக்கவும் வைப்பார்கள். டிரெய்லர் வாங்குவதற்கு முன்னால் இதைக் கேட்டிருக்கலாம். வாங்கிய பிறகுதான் கேட்கிறார்கள்.

பழைய டிரெய்லரைப் பார்க்கப் போனால் டயரை உதைத்துப் பார்ப்பதற்கு முன், அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸி நம்பரைத் தேடுங்கள். வடசென்னைக் காற்றில் ஐந்தாறு வருடத்தில் அது தடவிப் பார்க்கிற நிலைக்கு வந்துவிடும். பென்சிலில் தேய்த்து பிரிண்ட் எடுத்தால் எழுத்தே விழாது. உடனே "பட்டறையிலேயே பஞ்ச் அடிச்சிடலாம்" என்று ஒருவர் வருவார். ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் அடித்த நம்பர் திருட்டு வண்டியின் அடையாளமாகத்தான் பார்க்கப்படும். இருபதடி டிரெய்லரை வெல்டிங் வைத்து நாற்பதடியாக நீட்டியிருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்லையென்றால் ஆறு மாதம் வரை சிறை.

அப்புறம் ஃபைனான்ஸ். டியூ முடிந்துவிட்டது என்று விற்பவர் சொல்வார், ஆர்.சி.யில் எச்.பி., அதாவது ஃபைனான்ஸ் கம்பெனியின் கடன் பதிவு, அப்படியே நிற்கும். கடன் தீர்ந்தது என்று கம்பெனி கையெழுத்திட்ட படிவம் 35 கைக்கு வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். பெயர் மாற்றத்துக்கு வாங்கியவருக்கு 30 நாள் கெடு. விற்றவரும் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்துக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-லும் 30-லும் வெறுமனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களை நினைத்தால் எனக்குத்தான் தூக்கம் வருவதில்லை.

இன்சூரன்ஸில் ஒன்றே ஒன்று பாருங்கள்: பாலிசியில் டிரெய்லரின் நம்பர் இருக்கிறதா? விபத்து நடந்த பிறகு கம்பெனி முதலில் தேடுவது அதைத்தான்.

2024 நவம்பர் தீர்ப்புக்குப் பிறகு லைசென்ஸில் ஒரு புதுக் குழப்பம். கார் லைசென்ஸிலேயே 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. போன மாதம் ஒரு முதலாளியின் மகன் வந்தான். "டிரெய்லரைக் கழட்டிட்டா ஹார்ஸ் ஏழு டன்கூட இல்லண்ணே. ஷெட்டு வரைக்கும் நானே எடுத்துட்டுப் போயிடவா?" காலி எடை கணக்கில்லை தம்பி, மொத்த எடைதான் கணக்கு என்று சொல்லி ஆர்.சி.யை அவன் முன்னால் வைத்தேன். 39,500. இரண்டு தடவை படித்தான். சாவியை என் மேசைமேல் வைத்துவிட்டு, டிரைவரைக் கூட்டிவர ஆட்டோ பிடித்துப் போனான்.